அரளி நின்ற எல்லை

எங்கள் மாகாணத்தின் முதல் வரைபடத்துக்கு மை போட்டது என் கைதான். இப்போது அலுவலகங்களில் அப்படிப்பட்ட வரைபடங்கள் கிடையாது. கணினித் திரையில் விரலை வைத்தால் முற்றத்தில் கட்டியிருக்கும் கோவேறு கழுதைகூடத் தெரிகிறது என்கிறார்கள். தெரியட்டும். நான் வரைந்ததில் கழுதை தெரியாது. மலைக்குப் பழுப்பு, தேவதாருக் காட்டுக்குப் பச்சை, ஆற்றுக்கு நீலம் என்று மூன்று மைப்புட்டிகளை வைத்துக்கொண்டு, கை நடுங்காமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினேழு நாள் வரைந்தேன். முடிந்ததும் அதைக் காயித் அலுவலகத்துச் சுவரில் மாட்டினார்கள். காயித் என்பவர் எங்கள் அட்லஸ் மலைப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்கு அதிகாரி. பதினான்கு ஊர்கள் அவர் பொறுப்பில். அந்த அலுவலகத்தில் நான் எழுத்தன். உள்ளே வருகிறவர்கள் முதலில் சுவரருகே போய்த் தங்கள் ஊரைத் தேடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்னைக் கூப்பிட்டு, "எங்க ஊரை விட்டுட்டியா, இருக்கா?" என்பார்கள். விரலை வைத்துக் காட்டினால் முகம் மலரும். பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். அந்த மலர்ச்சிக்காகவே நான் அந்த நாற்காலியில் முப்பத்தோரு ஆண்டு உட்கார்ந்திருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் பழைய பெரிய மாகாணத்தை இரண்டாகப் பிரித்தார்கள். தகுர்த் ஆற்றுக்கு வடக்கே இருக்கிற சரிவு தெற்கு நோக்கியது. நாள் முழுதும் வெயில் விழும். அதை வெயில்கரை என்போம். எதிர்ச் சரிவு நிழல்கரை. அங்கே மார்ச் நடுவிலும் பனி கரையாது. வெயில்கரை புதிய மாகாணத்துக்கு வந்தது, நிழல்கரை பழையதிலேயே தங்கிவிட்டது. தலைநகரிலிருந்து வந்த அதிகாரி ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, உங்களுக்கும் அக்கரைக்காரர்களுக்கும் எல்லை எது என்று கேட்டார். எல்லாரும் ஒரே குரலில் "ஆறு" என்றார்கள். நானும் அப்படியே எழுதினேன்: "எல்லை, தகுர்த் ஆற்றின் நீரோட்டம்."

எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் மலை ஆற்றை அறிந்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது. நான் அங்கேயே பிறந்தவன், எனக்கே தோன்றவில்லை. ஊரார் ஆறு என்று சொன்னபோது அவர்கள் மனத்தில் இருந்தது ஓடுகிற தண்ணீர் அல்ல. கரையோரம் வரிசையாக நின்ற அரளி. ஆட்டை அரளி வரைக்கும் மேய்க்கலாம். அரளியைத் தாண்டினால் அக்கரைக்காரன் கம்போடு வருவான். பாட்டன் காலத்திலிருந்து எல்லை அதுதான். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதை அதிகாரியிடம் சொல்லவில்லை.

பதினாறு ஆண்டு அந்த வரி எவருக்கும் தொல்லை தரவில்லை. பிறகு ஓர் அக்டோபரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான்காம் நாள் வானம் வெளுத்தபோது தகுர்த் தன் பழைய படுகையை விட்டுவிட்டு, வடக்கே முந்நூறு அடி தள்ளிப் புதிதாக ஒரு வழியை வெட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பழைய படுகைக்கும் புதிய ஓட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு வீடு அகப்பட்டுக்கொண்டது. அது இத்தோவின் வீடு.

இத்தோ விதவை. வெள்ளம் வந்தபோது அறுபது வயது. பன்னிரண்டு ஆடு, ஒரு தறி, இரண்டு வாதுமை மரம், இவ்வளவுதான் அவள் சொத்து. அவளும் கணவரும் சேர்ந்து ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது ஆண்டில் கணவர் இறந்துபோனார். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மலையிறங்கி வந்து என் மேசைமேல் காகிதத்தை வைப்பாள். கூடவே துணியில் முடிந்த ஒரு பிடி வாதுமைப் பருப்பும் இருக்கும். "இது லஞ்சம் இல்ல, ஸி அல்லால். கொறிக்கறதுக்கு" என்பாள். ஸி என்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக்குச் சேர்ப்பது, பெண்களென்றால் லல்லா. அவளை நாங்கள் லல்லா இத்தோ என்போம்.

வெள்ளத்துக்கு இரண்டாம் ஆண்டு நடந்த ஹஜ் குலுக்கலைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் வட்டத்துக்கு நான்கு இடம் கொடுத்திருந்தார்கள். விண்ணப்பம் நூற்று மூன்று. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அலுவலக முற்றத்தில் கூட்டம் சேர்ந்தது. கண்ணாடிச் சாடியில் சீட்டுகளைப் போட்டேன். எடுப்பதற்குப் பார்வையில்லாத, குர்ஆன் ஓதுகிறவர் ஒருவரை அழைத்து வந்திருந்தோம்; அவர் கையை எவரும் சந்தேகிக்க மாட்டார்கள். நான்காவது சீட்டைப் பிரித்து நான் "இத்தோ" என்று வாசித்ததும் பெண்கள் பக்கமிருந்து குலவை எழுந்தது. அவளோ போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாவது சீட்டு காத்திருப்புப் பட்டியலுக்கு. நால்வரில் ஒருவர் போகாவிட்டால் அவருக்குப் பதில். அதில் ஹத்தூவின் பெயர் வந்தது.

ஹத்தூவுக்கு அறுபத்தெட்டு வயது. வாய் பெரியது, முதுகு வலியது. ஊரில் யார் வீட்டுச் சுவர் விழுந்தாலும் திட்டிக்கொண்டே வந்து கல் அடுக்குவார். அவரும் பதினோரு ஆண்டாகக் காத்திருக்கிறவர்தான்.

"பதினோரு வருஷம்!" என்று கையை விரித்தார். "கடைசியில வாசப்படி வரைக்கும் கூட்டிட்டு வந்து கதவைச் சாத்தறாங்க."

பக்கத்தில் நின்ற பாஸ்ஸு சிரித்தான். பாஸ்ஸு எங்கள் முகத்தம். ஊர் ஊராய்ப் போய் யார் எங்கே குடியிருக்கிறார், யார் பிறந்தார், யார் இறந்தார் என்று அலுவலகத்துக்குச் சொல்கிறவன். "கவலைப்படாத ஹத்தூ. நாலு பேர்ல ஒருத்தருக்கு மூட்டு வலி வந்தா நீதான்."

"மூட்டு வலி எதுக்கு? அந்த இத்தோ எப்படி நம்ம பட்டியல்ல வந்தா? அவ வீட்டுக்கும் நமக்கும் நடுவுல ஆறு ஓடுது. அவ அக்கரைக்காரி ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு!"

கூட்டம் சிரித்தது. ஹத்தூவும் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி பொறாமை. பதினோரு ஆண்டு ஏங்கிய ஒருவருக்கு அது வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வந்திருந்த காயித் சிரிக்கவில்லை. இளைஞர், கண்டிப்பானவர், வந்து ஆறு மாதம். அவர் எழுந்து உள்ளே போய்ச் சுவர் வரைபடத்தின் முன் நின்றார்.

"ஸி அல்லால், இது உங்க கையெழுத்துதானே? வாசிங்க."

"எல்லை, தகுர்த் ஆற்றின் நீரோட்டம்" என்று வாசித்தேன்.

"பாஸ்ஸு, அந்தம்மாவுக்கு நீங்க குடுத்த இருப்பிடச் சான்றிதழ்ல எந்தக் கரை?"

"எப்பவும் எழுதறதுதான் ஐயா. வெயில்கரை."

"வீடு இப்ப எந்தக் கரையில இருக்கு?"

பாஸ்ஸு தலையைச் சொறிந்தான். "வீடு இருந்த எடத்துலயேதான் ஐயா இருக்கு. ஆறுதான் குடி மாறிடுச்சு. நாம ஆத்துக்கா சான்றிதழ் குடுக்கறோம்?"

"அக்கரை மாகாணத்துல குலுக்கல் எப்போ?"

"போன வாரமே முடிஞ்சிடுச்சு ஐயா" என்றேன்.

காயித் நெற்றியைத் தடவிக்கொண்டார். அவர் கெட்டவரில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்லப்பட்ட ஒன்றைக் காதில் விழாதது போல அவரால் இருக்க முடியாது, அவ்வளவுதான். "இன்னைக்குத் திங்கள். வியாழக்கிழமை காலையில பட்டியல் மாகாணத் தலைமையகம் போகணும். எல்லை எழுதினப்ப ஆறு எங்க ஓடுச்சுன்னு சட்டப்படி ஒரு சாட்சிப் பத்திரம் வந்தா, அந்த இடம்தான் எல்லைன்னு நான் கையெழுத்துப் போடுவேன். வரலன்னா இத்தோம்மா பேரை அடிச்சிட்டு ஹத்தூ பேரை எழுதுங்க."

முற்றத்தில் இத்தோ இன்னும் தரையில்தான் இருந்தாள். சுற்றியிருந்த பெண்களுக்கு விஷயம் எட்டிவிட்டது.

எங்கள் பக்கத்தில் காகிதம் இல்லாத ஒன்றை நிரூபிக்கப் பன்னிரண்டு பேர் சாட்சி வேண்டும். பன்னிரண்டு பேரும் கண்ணால் கண்டவர்களாக, சம்பந்தப்பட்டவருக்கு உறவில்லாதவர்களாக இருக்க வேண்டும். இரண்டு சாட்சி எழுத்தர்கள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொருவர் சொல்வதையும் எழுதுவார்கள். ஒரு ஆள் குறைந்தாலும் அது வெறும் பேச்சுதான். இத்தோவின் ஊரில் பாதிப் பேர் அவளுக்கு மாமன் மச்சான். பாஸ்ஸுவும் நானும் திங்கள் மாலையும் செவ்வாய் காலையும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினோரு பேரைச் சேர்த்துவிட்டோம். சாட்சி எழுத்தர்களில் மூத்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பழைய படுகையை ஒட்டி நிலம் யாருக்கு?"

"ஹத்தூவுக்கு."

"அப்ப பன்னிரண்டாவது ஆள் அவர்தான். பக்கத்து நிலத்துக்காரன் வாயே தெறக்கலன்னா நாளைக்கு எவனாவது இந்தப் பத்திரத்தைக் கிழிச்சிடுவான். போயி அவரைக் கூட்டிட்டு வாங்க."

பாஸ்ஸு என்னைப் பார்த்தான். நான் பாஸ்ஸுவைப் பார்த்தேன்.

ஹத்தூவின் வீடு ஊருக்குள்ளே. நிலம் மட்டும் இத்தோ வீட்டுக்கு அப்பால், பழைய படுகையின் ஓரம். கற்களில் கால் வைத்துப் புதிய ஆற்றைத் தாண்டிப் போனோம். அவர் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். கணுக்கால் உயரத்துக்குப் பார்லி பச்சைப்பசேல் என்று நின்றது. அந்தப் பச்சை எங்கே முடிகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆறு விலகிப் போன படுகையை ஹத்தூ இரண்டு ஆண்டில் வயலாக்கியிருந்தார். உருண்டைக் கற்களைப் பொறுக்கிச் சுவராக அடுக்கி, அரளியை வேரோடு பிடுங்கி, கூடை கூடையாக மண் கொட்டியிருந்தார். ஆற்றின் அடையாளமே இல்லை. வற்றிய படுகை அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பது எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். கேட்பாரில்லாததால் அவரும் சொல்லவில்லை.

"வா ஸி அல்லால். ஆத்தைத் தேடி வந்தியா?" என்றார் மண்வெட்டியை நிறுத்தாமல்.

"ஆறு இருந்த எடத்தைத் தேடி வந்தேன்."

"நல்லாப் பாத்துக்கோ. பார்லிதான் இருக்கு."

"ஹத்தூ, சாட்சிக்கு ஒரு ஆள் குறையுது."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? ஆறு அங்க ஓடுது. கண்ணிருக்கறவன் எவனும் பாக்கலாம்."

"பொய் சொல்லல. உண்மையில பாதியைச் சொன்னீங்க."

பாஸ்ஸு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஹாஜி ஹத்தூ, பாதி உண்மைக்குப் பாதி ஹஜ்தான். உன்னை ஜித்தாவுலயே எறக்கி விட்டுடுவாங்க, மக்காவுக்கு நடந்துதான் போகணும்."

ஒரு மண்கட்டி பறந்து வந்தது. பாஸ்ஸு குனிந்துகொண்டான். ஹத்தூ மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவர் குரல் மாறியிருந்தது.

"எனக்கு அறுபத்தெட்டு. இன்னும் எத்தனை தடவை என் பேரு அந்தச் சாடியிலேருந்து வெளிய வரும்? நீயே சொல்லு. சாட்சி சொன்னா ஹஜ் போச்சு. ஆறு எங்க ஓடுச்சுன்னு காட்டினா நிலமும் போச்சு. இந்த முதுகுலதான் ரெண்டு வருஷம் கல்லு சுமந்தேன். ஒரே நாள்ல ரெண்டையும் குடுடான்னு கேக்கறே. பதிலுக்கு நீ என்ன குடுப்பே?"

என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. "அந்த வரியை எழுதினவன் நான். நான் செஞ்ச பிழைக்கு உங்களை விலை குடுக்கச் சொல்றேன். அது நியாயமில்லதான். ஆனா வேற வழி தெரியல."

"அப்ப போயி சஜ்தாவுல விழுந்து அழு. என்கிட்ட ஏன் வர்றே?" என்றார். மறுபடி வெட்டத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் இத்தோ எங்களை விடவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியும், ஒலிவ எண்ணெயும், புதினாத் தேநீரும் முன்னால் வைத்தாள். நான் ரொட்டியைத் தொடாமல் பேச்சை எடுத்தேன்.

"லல்லா இத்தோ, பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த வரியை எழுதினது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

"தெரியுமே. அந்தப் பெரிய அதிகாரியோட நீ வந்து இதே எடத்துல உக்காந்துதானே எழுதினே. நான்தான் தேநீர் குடுத்தேன். சர்க்கரை ஒரு கட்டி அதிகமாப் போயிடுச்சு போலிருக்கு, உனக்கு மயக்கம்." சிரித்தாள். பிறகு, "ஹத்தூ என்ன சொன்னான்?" என்றாள்.

சொன்னோம். நிலத்தைப் பற்றியும் சொன்னோம். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுஷனை இனிமே யாரும் தொந்தரவு பண்ணாதீங்க. அவனும் பதினோரு வருஷம், நானும் பதினோரு வருஷம். ரெண்டு பேரையும் ஒரே சாடியில போட்டுக் குலுக்கினவன் அல்லாஹ். அவனுக்குத் தெரியாதா யாரைக் கூப்பிடணும்னு?"

"உங்களுக்கு வருத்தம் இல்லையா?" என்று பாஸ்ஸு கேட்டான்.

"இல்லாம என்ன, கழுதை. நேத்து ராத்திரி தலகாணி நனைஞ்சுபோச்சு. அது வேற விஷயம்."

புதன்கிழமை காலை சாட்சி எழுத்தர்கள் இருவரும் வந்தார்கள். இத்தோ வீட்டுக்கு முன்னால் பாய் விரித்தோம். பதினோரு பேரும் குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். காயித்தும் ஜீப்பில் வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டுக் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்து வந்தார். பதினோரு பேரும் சொல்லி முடித்தார்கள். மூத்த எழுத்தர் பேனாவை மூடிவைத்துவிட்டு வெயிலைப் பார்த்தார். லுஹர் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை காத்திருக்கலாம் என்றார். இத்தோ எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். ஒவ்வொரு கோப்பையையும் நிதானமாக, சிந்தாமல் கொடுத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

அப்போது வயல் பக்கமிருந்து ஹத்தூ வருவது தெரிந்தது. கோவேறு கழுதையைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அதன் முதுகில் இரண்டு பக்கமும் கூடை. கூடை நிறையக் காய்ந்துபோன வேர்க்கட்டைகள். பாய்க்கு முன்னால் நிறுத்தி, சலாம் சொல்லி, இரண்டு கூடையையும் தரையில் கவிழ்த்தார்.

"எழுதிக்கோங்க" என்றார். "இதெல்லாம் இங்க வரிசையா நின்ன அரளி. நான்தான் புடுங்கினேன். இது அடுப்புக்கும் ஆகாது, புகை ஆளையே கொன்னுடும். ஆட்டுக்கும் ஆகாது. அதனால சுவத்துக்குப் பின்னாடி குவிச்சு வெச்சிருந்தேன். எந்தக் கட்டை எந்தக் குழின்னு வந்து பாருங்க, காட்டறேன். அரளிக்கு அந்தப் பக்கம் நிழல்கரை. இந்தப் பக்கம் வெயில்கரை. இத்தோ வீடு இந்தப் பக்கம். தகுர்த் ஓடினது என் பார்லி நிக்கற எடத்துல."

மூத்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பார்லி ஆத்துப் படுகையில நிக்குதுன்னே எழுதட்டுமா? காயித் ஐயா இங்கேயே இருக்கார்."

"அவரு இருக்கறது தெரியுது. காலு நனைஞ்சு நிக்கறாரே. அப்படியே எழுதுங்க."

எழுதினார்கள். எல்லாரும் எழுந்து அவர் பின்னால் நடந்தோம். பயிரை மிதிக்காமல் வரப்பு ஓரமாகவே போய், நின்று நின்று, "இங்க ஒண்ணு. இங்க ரெண்டு சேந்தாப்புல நின்னுச்சு" என்று குச்சியால் காட்டினார். சாட்சிகள் தலையாட்டினார்கள். ஹத்தூ பெயருக்கு எதிரே அவர் கட்டைவிரல் பதிந்தது. பன்னிரண்டு.

தொழுகைக்கு ஒளு செய்யும்போது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார், காலைக் கழுவிக்கொண்டே.

"நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அவ. கையில ஒரு பை. போறவனுக்கு வேணும், எடுத்துக்கோன்னா. தெறந்து பாத்தேன். இஹ்ராம் துணி, ரெண்டு வெள்ளைத் துண்டு, அவளே நெஞ்சது. ஒரு தண்ணிக் குடுவை. ஒரு ஜோடி செருப்பு, அவ புருஷனுக்குன்னு அந்தக் காலத்துல வாங்கினது. புதுசு. இன்னும் தெருவையே பாக்கல. திட்ட வந்திருக்கான்னு நான் நினைச்சேன், ஸி அல்லால். பதில்கூட ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? கீழ உக்காந்து அந்தச் செருப்பை என் காலுகிட்ட வெச்சு அளந்து பாத்தா. கொஞ்சம் இறுக்கமா இருக்கும், எண்ணெய் தடவி வெய்யி, மக்காவுல நடை ஜாஸ்தின்னுட்டுப் போயிட்டா." தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். "அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு நான் எப்படிக் கஅபாவைச் சுத்துவேன்? ஒவ்வொரு அடியிலயும் கடிக்காது?"

மாலையில் காயித் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைக் கீழே வைக்காமல் இருந்தார்.

"படுகையில பயிர் வெச்சிருக்கறதை நீர்வளத் துறைக்கு எழுதித்தான் ஆகணும், ஸி அல்லால். பத்திரத்துலயே இருக்கு. மறைக்க முடியாது."

"தெரியும் ஐயா."

"எத்தனை நாளுக்குள்ள எழுதணும்னு சட்டத்துல இருக்கா?"

"இல்ல ஐயா."

"இந்தப் பக்கம் பார்லி அறுப்பு எப்போ?"

"ஜூன் நடுவுல."

"அப்ப ஜூன் கடைசியில எழுதுங்க. அதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் முடிக்க வேண்டிய வேலை ஒன்றுகூட மேசைமேல் இல்லை.

அடுத்த நாள் ஏணி வைத்து ஏறி, வரைபடத்தில் என் நீலக்கோட்டின் ஓரமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தேன். சிவப்பு மையில் தண்ணீர் கலந்தால் அரளிப்பூ நிறம் வருகிறது. கீழே, "எல்லை, பழைய அரளி வரிசை" என்று எழுதி, பத்திரத்தின் எண்ணைக் குறித்தேன். காயித் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். எத்தனையோ கோப்புகள் எழுதியிருக்கிறேன். மனம் நிறைந்து எழுதிய வரி அது ஒன்றுதான்.

ஜூன் கடைசியில் கடிதம் எழுதினேன். நீர்வளத் துறையார் வந்து அளந்து படுகையை எடுத்துக்கொண்டார்கள். ஹத்தூ அதற்குள் அறுத்துக் களத்தில் சேர்த்துவிட்டார். அதற்குப் பின் குலுக்கலில் அவர் பெயர் வந்ததா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். வரவில்லை. மூன்று முறை எழுதிப் போட்டார், நான்காம் ஆண்டு நோயில் விழுந்து அல்லாஹ்விடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஹஜ் எங்கே, எந்தப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது என்பது எழுத்தனான எனக்குத் தெரியாது. எழுதப்பட்டிருக்கிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது அந்த நோய்ப் படுக்கை கண்முன் வருவதில்லை. இத்தோ ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அந்த ஏப்ரல் காலைதான் வருகிறது. மலையில் பனி உருகி ஆறு மார்பளவு ஓடிக்கொண்டிருந்தது. நடக்கும் கற்கள் எல்லாம் முழுகிவிட்டன. பெண்கள் குழுவோடு இத்தோவை ஏற்றிக்கொள்ளப் பேருந்து வெயில்கரைச் சாலையில் நிற்கிறது. அவளோ அக்கரையில், வெள்ளைப் போர்வையும் ஒரு மூட்டையுமாக நிற்கிறாள். ஊரே கரைக்கு வந்துவிட்டது. என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தோம். யார் சொல்லையும் கேட்காமல் ஹத்தூ தன் கோவேறு கழுதையோடு தண்ணீரில் இறங்கினார். போய் அவளை ஏற்றி உட்கார வைத்து, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, அடி அடியாகத் திரும்பி வந்தார். நடு ஆற்றில் அவர்கள் பேசிக்கொண்டது கரையில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது.

"பிடரியைக் கெட்டியாப் புடிச்சுக்கோ, லல்லா. விழுந்து வெச்சே, அடுத்த பேரு என்னோடதுதான். ஞாபகம் இருக்கட்டும்."

"விழுந்தா உன் தாடியைப் புடிச்சுக்கிட்டுத்தான் விழுவேன். ரெண்டு பேருமே போக வேணாம்."

கரை ஏறியதும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மக்காவுக்குப் பக்கத்து அரஃபா வெளியில் நின்று கேட்கும் துஆ ஏற்கப்படும் என்பதால் ஆளுக்கொரு கோரிக்கை. மருமகளுக்குக் குழந்தை, மகனுக்கு வேலை, முழங்கால் வலி. பாஸ்ஸு தன் மாமியாருக்கு நல்ல புத்தி கேட்டான். இத்தோ ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டாள். ஹத்தூ மட்டும் ஒதுங்கி நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"உனக்கு என்ன கேக்கட்டும், ஹத்தூ?" என்று அவள் பேருந்துப் படியிலிருந்து கூப்பிட்டாள். "சீக்கிரம் சொல்லு, வண்டி கெளம்புது."

ஹத்தூ பிழிந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். கரை புரண்டு ஓடும் ஆற்றைப் பார்த்தார். அதற்கு அப்பால், இன்னும் இரண்டு மாதத்துக்கு அவருடையதாக இருக்கப்போகிற பார்லியைப் பார்த்தார். கதிர் பிடித்து நின்றது.

"மழை கேளு, லல்லா" என்றார். "ஆனா கொஞ்சம் பாத்து, அளவாக் கேளு."